தொட்டிய மூடுனியளா?

மகனே,

நேற்று தொலைபேசியில் நாம் இருவரும் பேசியது பயணப்பெட்டியின் எடையைப் பற்றி மட்டும்தான். எத்தனை கிலோ வரை விமானத்தில் விடுவார்கள், கருப்பட்டியைத் தனியே பொதிய வேண்டுமா, குளிருக்கான உடுப்பை இங்கேயே வாங்குவதா என்று நான் கேட்டேன். நீயும் ஒழுங்காகப் பதில் சொன்னாய். வைப்பதற்குச் சற்று முன்புதான், "தனியா இருந்துக்கிட்டு இன்னும் எதுக்குப்பா அந்தத் தொட்டியக் கட்டி மாரடிக்கிய? மீனை ஆத்துல விட்டுட்டு, வீட்டப் பூட்டிட்டு, ஏரல்ல மாமா கூடப் போயி இருங்க" என்றாய். அக்கறையோடுதான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'அந்தத் தொட்டி' என்று நீ சொன்ன விதத்தில், அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நீ என்னைப் பார்த்த பார்வை அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நீ வந்து, மாலையில் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிடுவாய். அந்த ஒரு பகலில் உறவினர் வருவார்கள், சாப்பாடு நடக்கும், பெட்டியைக் கட்டுவோம். இதை நான் வாயால் சொல்லப்போவதில்லை. எழுத்தில் நான் சற்றுத் தேவலை என்பதால், நீ சென்னையிலிருந்து புறப்படுமுன் கிடைக்கும்படி இதை அனுப்புகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். தொட்டியில் வளர்ந்த மீனை ஆற்றில் விடக் கூடாது. பிடித்த இடத்திலேயே விட்டாலும் கூடாது. தொட்டியில் பற்றிய நோயை அது ஆற்றில் உள்ளவற்றுக்குக் கொண்டுபோகும். நாம் இரக்கம் என்று நினைத்துச் செய்வது அங்கே கேடாக முடியும். இதை எனக்குச் சொன்னவள் உன் அம்மா. அவள் ஏரலில் பிறந்தவள். மதகில் தண்ணீர் விழும் வாய்க்காலில் மீன் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது, சன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, கிணற்றில் உப்புத் தண்ணீர், கண்ணெட்டும் தூரம் உப்பளம் என்று அவளுக்கு எல்லாமே கரிப்பாகத்தான் இருந்தது. குழாயில் வருவது மட்டும் தாமிரபரணித் தண்ணீர் என்று தெரிந்த நாளில் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மருந்து வாடை போக அதை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்து, தன் தம்பியிடம் சொல்லி வாய்க்காலிலிருந்து ஒரு கை மீன் வரவழைத்தாள். ஒல்லியான உடம்பு, பக்கவாட்டில் நீலக் கோடு, ஒரு கணம் நிற்காத ஓட்டம். கடைகளில் விற்கும் வண்ண மீன்களை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "அதுக காகிதப்பூ மாதிரி இருக்கு. எந்துள்ளானப் பாருங்க, உசுரு இருக்குதுன்னு தெரியும்" என்பாள். துள்ளான் என்பது அவளே வைத்த பெயர். அவை துள்ளுகின்றன என்பதை நாங்கள் மறுநாள் காலையிலேயே தெரிந்துகொண்டோம். கூடத்துத் தரையில் ஒன்று காய்ந்து கிடந்தது.

அப்போது உனக்கு நடை பழகும் வயது, உனக்கு நினைவிருக்காது. நான் அந்தச் சிக்கலை என் தொழிலைக் கொண்டு தீர்க்கப் பார்த்தேன். கப்பலின் சரக்கறை மூடி நீர் புகாமல் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்திடுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். அதற்கு நாங்கள் மூடி அமரும் விளிம்பு முழுவதும் சுண்ணக்கட்டியைத் தேய்ப்போம். மூடித் திறந்தால், எதிரே உள்ள ரப்பரில் வெள்ளைக் கோடு அறுபடாமல் பதிந்திருக்க வேண்டும். கோடு அறுந்த இடத்தில் கடல் உள்ளே வரும். அதே முறையில், ரப்பர் ஒட்டிய கண்ணாடி மூடி ஒன்று செய்து, தொட்டியின் விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்துச் சோதித்தேன். கோடு எங்கும் அறவில்லை. உன் அம்மா இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். "மீனுக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்தாச்சா? கப்பலு எப்பக் கெளம்பும்?" என்றாள். சித்திரை வெயிலில் தண்ணீர் சுட்டு, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. "அது சாமான் வைக்கித எடம், இது மூச்சு விடுத எடம். ரெண்டுக்கும் ஒரே மூடியா?" என்று என்னைக் கேட்டாள். கண்ணாடியை எடுத்துவிட்டேன். கம்பி வலை போட்டேன். உப்புக் காற்றில் அது துருப்பிடித்தது. கடைசியில் மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்து அடித்து, அதன் நடுவில் விளக்கைப் பொருத்தினோம். அதுதான் இன்றும் இருக்கும் மூடி.

அதற்குப் பின்னும் ஒன்றிரண்டு வெளியே விழுந்தன. அதுவும் எப்போதும் ஒரே மூலையில். நான் அளவுகோலோடு தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கீரை ஆய்ந்தபடியே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிகட்டியின் குழாய் வழியே மேலிருந்து தண்ணீர் விழும் இடம் அது. "மதகுன்னு நெனச்சு ஏறுதுக. தண்ணி எங்கன விழுதோ அங்கனதான துள்ளும்?" என்றாள். குழாயும் வயரும் நுழைவதற்காக நான் வெட்டிவிட்ட சிறு இடைவெளியும் அந்த மூலையில்தான் இருந்தது. குழாயின் வாயை நீருக்குள் இறக்கினோம். இடைவெளியைப் பஞ்சால் அடைத்தோம். தண்ணீரை விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே நிறுத்தினோம். அதன்பின் துள்ளல் குறைந்தது. ஆனால் நின்றுவிடவில்லை. தண்ணீரின் ஓட்டம் திடீரென்று நின்றாலும், இருட்டில் சட்டென்று விளக்கைப் போட்டாலும், ஆள் அரவம் கூடினாலும் அவை மிரண்டு துள்ளும். ஆகவே மூடி ஒரு கணமும் திறந்து கிடக்கலாகாது என்பது வீட்டு விதியாயிற்று. நான் எத்தனையோ விதிகள் போட்டேன். உன் அம்மா மனமொப்பி ஏற்ற ஒரே விதி அதுதான். நீ கல்லூரிக்குப் போகும் வயதில், உன்னை வெளியூருக்குப் படிக்க அனுப்ப நான் தயங்கியபோது, "அந்த மீனை மாதிரி என்னையும் மூடி போட்டு வளக்கப் பாக்காரு" என்று அடுக்களையில் நின்று கத்தினாயே, நினைவிருக்கிறதா? அவள்தான் திருப்பிக் கொடுத்தாள்: "ஏலே, நீ துள்ளுனா பஸ் ஸ்டாண்டுல போயி நிப்ப. அது துள்ளுனா தரையிலல்லா கெடக்கும்? ரெண்டும் ஒண்ணாலே?" அன்று மாலையே உன் விண்ணப்பத்தில் நான் கையெழுத்திட்டேன். அவள் சொன்ன வேறுபாடு சரியாக இருந்ததால் கையெழுத்திட்டேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அம்மாவை மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்த மறுநாள், கொஞ்சம் தேறிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்குப் பின், முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சற்றே விலக்கி, "தொட்டிய மூடுனியளா?" என்று கேட்டாள். முந்தின நாள் காலையில் அவள் மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூச்சு முட்டியது. அப்படியே நானும் அக்கம்பக்கத்தாரும் அவளைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினோம். மூடியை யார் வைத்தார்கள், வைத்தார்களா என்பது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. என்னை உனக்குத் தெரியும். ஏணியில் ஏறிக் கண்ணால் பார்க்காத ஒரு மூடிக்கு நான் பணிக்காலத்தில் ஒருமுறைகூடக் கையெழுத்திட்டதில்லை. என் மீது துறைமுகத்தில் உள்ள மதிப்பும் அதனால்தான், முணுமுணுப்பும் அதனால்தான். "போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்றேன். அவள் சிரித்தாள். "ஆமா, நீங்க பாக்காம சொல்லுவியளா" என்றாள். கேலிதான், ஆனால் அந்தக் கேலியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூடி சரியாகத்தான் இருந்தது. எந்தக் கணத்தில், யார் கை அதை எடுத்து வைத்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவளே மூச்சுக்குத் தவித்த நேரத்தில் வைத்திருக்கவும் கூடும். சட்டத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். குழாய் மூலையில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தேன். நல்ல செய்தியோடு போகிறோம் என்ற நிறைவில் ஒரு சிட்டிகை இரையும் போட்டேன். திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உன்னை உடனே புறப்பட்டு வரச் சொன்னது அதன்பின்தான். உள்ளே விட்டபோது அவள் காதருகே குனிந்து, "மூடியிருக்கு, பாத்துட்டேன்" என்று சொன்னேன். கேட்டிருக்கும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். உறுதிசெய்ய முடியாததை நான் நம்புகிறவன் இல்லை. இதை மட்டும் நம்ப முயன்று பார்க்கிறேன், முடியவில்லை. அவள் கண் திறக்கவில்லை. மறுநாள் விடியலில் போய்விட்டாள்.

நீ ரயிலை விட்டிறங்கி வீட்டுக்கு வருமுன்பே அவளைக் கொண்டுவந்துவிட்டோம். குளிர்பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். பின்வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி, "பிளக் பாயிண்டு எங்கன இருக்கு? சீக்கிரம் சொல்லுங்கப்பா" என்று தேடி, தொட்டிக்குப் பின்னால் கிடந்த இணைப்புப் பெட்டியைக் கண்டு, விளக்கின் வயர் சிக்கியிருந்ததால் மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்து, வடிகட்டி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். அவரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அந்த வேளையில் ஒரு மனிதர் செய்ய வேண்டியதை அவர் செய்தார். என்னால் அதுகூட முடியவில்லை. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரின் ஓட்டம் நின்றுவிட்டது. பெண்கள் உள்ளே வந்து குரலெடுத்து அழுதார்கள், கூடம் நிறைந்தது. எனக்கு எந்த ஓசையும் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் ஈரமான ஒன்று தரையில் அடிக்கும் சின்னஞ்சிறு ஓசை கேட்டது. பார்த்தேன். குளிர்பெட்டியின் சக்கரத்துக்கும் உன் அத்தையின் காலுக்கும் நடுவே துள்ளான் ஒன்று கிடந்து துடித்தது. சற்றுத் தள்ளி வேறு சில, யாரும் அறியாமல் மிதிபட்டுக் கிடந்தன.

உலர்ந்த கையால் மீனைத் தொடக் கூடாது. அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துபோகும், பிறகு பிழைக்காது. கையை நனைத்த பின்பே எடுக்க வேண்டும். எனக்கு எட்டும் தூரத்தில் இருந்த தண்ணீர், அவள் தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்த சொம்புத் தண்ணீர் ஒன்றுதான். அதில் கையை விட்டேன். "அய்யய்யோ, அந்தத் தண்ணியவா தொடுதாவ!" என்று அத்தை பதறினாள். "பொஞ்சாதி கெடக்கா, மீனைப் பொறக்குதாரே மனுசன்" என்று யாரோ ஓர் ஆண் குரல் வாசலில் சொன்னது. நான் மண்டியிட்டு, சேலைகளுக்கு நடுவே கையை நீட்டி அதை எடுத்தேன். எழுந்து திரும்பியபோது நீ தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தாய். நான் எங்கே நிற்கிறேன், கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாய். "அப்பா... இப்பவுமா?" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் மீனைத் தொட்டியில் விட்டு, மூடியை எடுத்து வைத்தேன். உன் பக்கம் வந்து உன்னைத் தொட்டிருக்க வேண்டும். அதற்குள் நீ அவள் காலடியில் விழுந்துவிட்டாய்.

நான் அப்போது அழவில்லை என்பதை நீ கவனித்தாய் என்று உன் மாமா பிறகு சொன்னார். உண்மைதான். அவளுக்கு நான் சொல்லி முடிக்காத ஒரு பதில் இருந்தது. நான் பார்த்து உறுதிசெய்த மூடி அவள் எதிரிலேயே திறந்து கிடந்தது. அதை மூடாமல் என்னால் அழ முடியவில்லை. இதை அன்று எழுந்து நின்று, அத்தனை பேர் நடுவில் உன்னிடம் விளக்குவதா? பதினாறு கழிந்ததும் நீ சென்னைக்குப் போனாய். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுகிறாய். சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாய். வருஷத் திவசத்துக்கு வந்தபோதும் கூடத்தில் உட்காராமல் மாடியிலேயே இருந்தாய். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ கண்டதைக் கொண்டு நீ முடிவு செய்தாய். நான் உனக்குக் கற்றுக் கொடுத்ததும் அதுதானே.

அன்று எடுத்த மீன் பிழைத்துக்கொண்டது. இடப்பக்கத்தில் கொஞ்சம் செதில் உதிர்ந்து, அங்கே நீலக் கோடு அறுந்து, மறுபடி தொடங்குகிறது. மற்றவை போய், அது ஒன்று மட்டுமே மிஞ்சியது. கூட்டமாக வாழும் மீனைத் தனியே வைப்பதும் தவறு. தனித்த மீன் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கி நிற்கும், இரைக்குக்கூட வெளியே வராது, ஆள் நிழல் பட்டாலே மூடியில் முட்டிக்கொள்ளும். அவள் காணாத மீன் அந்தத் தொட்டியில் வேண்டாம் என்று நான் பல நாள் பிடிவாதமாக இருந்தேன். ஒரு நாள் அது முட்டி முட்டி மூக்கில் வெள்ளையாகக் காயம் கண்டது. அன்றே பஸ் ஏறி ஏரலுக்குப் போனேன். உன் மாமாவும் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகடியில் இறங்கினோம். "அத்தான், ஒங்க ஆபீசு ஆளுக இப்ப ஒங்களப் பாக்கணும்" என்று அவர் சிரித்தார். பிறகு, "அக்கா இருந்தா கரையில நின்னு நம்ம ரெண்டு பேத்தையும் ஏசிக்கிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றுதான், முழங்கால் தண்ணீரில் நின்று, எனக்கு அழுகை வந்தது. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மாமாவைக் கேட்டுக்கொண்டேன். இப்போது நானே சொல்லிவிட்டேன்.

புதியவற்றோடு சேர்ந்ததும் பழையது வெளியே வந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் ஓடுகிறது. அதற்கும் வயதாகிவிட்டது. இந்த மீன்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை. நீ அடுத்த விடுமுறைக்கு வரும்போது அது இருக்காது என்றே நினைக்கிறேன். மற்றவை இருக்கும். ஆகவே வீட்டைப் பூட்டச் சொல்லாதே. நான் இங்கேதான் இருப்பேன்.

நீ போகும் ஊரில் என் விதிகள் எத்தனை உதவுமோ தெரியாது. பார்க்காததற்குக் கையெழுத்திடாதே என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தேன். கப்பலுக்கு அது இன்றும் சரி. ஆனால் படுத்திருக்கும் ஒருத்தி கேட்கும்போது, அவளுக்கு வேண்டியது சோதனை முடிவு அல்ல. கேட்ட மறுகணமே 'மூடிட்டேன்' என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திறந்தே இருந்து எல்லா மீனும் தரையில் கிடந்திருந்தாலும்கூட, அந்தப் பகல் எனக்குக் கிடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நீ வந்ததும் ஒன்று செய். குளித்துவிட்டுக் கூடத்துக்கு வா. மூடியை நீயே எடுத்து, ஒரு சிட்டிகை இரை போடு. கோடு அறுந்த மீன் முதலில் மேலே வரும், அதைப் பார். பிறகு மூடியைச் சரியாக வை. அம்மாவின் படம் தொட்டிக்கு நேர் எதிரேதான் மாட்டியிருக்கிறது. அவள் கேட்டதற்கு நீ பதில் சொல். என்னைப் போல் தாமதிக்காதே. நான் அடுக்களையில் நிற்பேன். அங்கே எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொல். மூடியிருக்கிறதா என்று நான் வந்து பார்க்கமாட்டேன்.

உன் அப்பா